காவிரிக்கரையில் ஓடும் பெண்கள்: அன்றும் இன்றும்

2021 மார்ச் 16. பஞ்சாபின் பாட்டியாலாவில் ஃபெடரேஷன் கோப்பைத் தடகளப் போட்டி. மகளிர் 100 மீட்டர் இறுதி ஓட்டம். இந்தியாவின் வேகமான பெண் யார் என்று கேட்டால் அப்போது எல்லோரும் சொன்ன பெயர் டூட்டி சந்த். ஓட்டம் முடிந்து பலகையில் நேரம் வந்தபோது முதலில் நின்ற பெயர் வேறு. தனலட்சுமி சேகர், 11.39 விநாடி. டூட்டி 11.58. இரண்டு நாள் கழித்து 200 மீட்டரில், இறுதிக்கு முந்தைய ஓட்டத்திலேயே தனலட்சுமி 23.26 விநாடியில் ஓடி, அந்தப் போட்டியில் பி.டி. உஷா வைத்திருந்த 23.30 என்ற சாதனையை முறியடித்தார். உஷா அதைச் சென்னையில் ஓடியது 1998இல். தனலட்சுமி பிறந்ததும் அதே 1998. இறுதி ஓட்டத்தில் ஹிமா தாஸ் முந்திக்கொண்டார். ஆனாலும் அந்த வாரம் பத்திரிகைகளில் அடிபட்ட ஊர் குண்டூர். ஆந்திரத்துக் குண்டூர் அல்ல. திருச்சியிலிருந்து புதுக்கோட்டை போகிற சாலையில் விமான நிலையத்தைத் தாண்டி வருகிற குண்டூர்.

தஞ்சாவூர்க்காரர்களுக்குத் திருச்சி அயலூர் இல்லை. முக்கொம்பில் கொள்ளிடம் பிரிந்து, கல்லணையில் கிளை கிளையாக விரிந்து நம் வயலுக்கு வருகிற தண்ணீர் அந்த ஊரைத் தொட்டுக்கொண்டுதான் வருகிறது. பெண் கொடுப்பதும் எடுப்பதும், பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுவதும், பிள்ளையைக் கல்லூரியில் சேர்ப்பதும் அங்கேதான். அதனால் குண்டூர்ப் பெண் ஜெயித்த செய்தியை இங்கே டீக்கடையில் படித்தவர்கள் நம்ம வீட்டுப் பெண் ஜெயித்தாற்போலத்தான் படித்தார்கள். தகப்பன் இல்லாத வீடு. மூன்று பெண் பிள்ளைகளை அம்மா கூலி வேலை செய்து வளர்த்திருக்கிறார். பள்ளியில் கோ-கோ ஆடிக்கொண்டிருந்த பெண்ணின் காலில் இருந்த வேகத்தைக் கண்டு ஓட்டத்துக்கு மாற்றிவிட்டார்கள். பயிற்சியாளர் மணிகண்டன் ஆறுமுகம் கூடவே நின்றார். இதைப் படிக்கும்போது நெஞ்சு நிறைந்தது உண்மை. அதற்கப்புறம் நடந்ததைப் படித்தபோது வலித்ததும் உண்மை. இந்த இரண்டையும் சேர்த்துத்தான் நான் எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் அன்றைய நிலை.

எழுபதுகளிலும் எண்பதுகளிலும் டெல்டா ஊர்களில் பெண் பிள்ளை ஓடுவது என்பது ஏழாவது எட்டாவது வரைக்கும் நடக்கிற காரியம். மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் மன்றத்துப் பையன்கள் மைக் செட் கட்டி விளையாட்டு விழா நடத்துவார்கள். ஆண்களுக்கு ஓட்டப் பந்தயம், உறியடி, கபடி, வழுக்கு மரம். பெண்களுக்குக் கோலப் போட்டி, இசை நாற்காலி, வாயில் கரண்டியைக் கடித்து அதில் எலுமிச்சம்பழத்தை வைத்து நடக்கிற போட்டி. அந்தப் பழம் கீழே விழாமல் இருக்க வேண்டுமானால் ஓடக் கூடாது. பெண்களுக்கென்று வைத்த ஒரே ஓட்டத்திலும் ஓடாமல் இருப்பவள்தான் ஜெயிப்பாள்.

பள்ளிக்கூடத்தில் கொஞ்சம் வாசல் திறந்திருந்தது. பி.டி. மாஸ்டர் சுண்ணாம்புப் பொடியை டப்பாவில் போட்டுத் தட்டிக்கொண்டே எட்டுக் கோடு போடுவார். அதுதான் ஓடுதளம். காலை ஊன்றி உந்துவதற்கு இரும்புக் கட்டை கிடையாது. கொத்தினால் சின்னதாக இரண்டு குழி தோண்டி அதில் பாதத்தை வைத்துக் குனிய வேண்டும். வெறுங்கால். நேரம் பார்க்க மூன்று ஆசிரியர்கள், மூன்று ஸ்டாப்வாட்ச், மூன்று வேறு வேறு நேரம். நம் மண் களிமண். ஐப்பசி கார்த்திகையில் இரண்டு மழை பெய்தால் மைதானம் முழுக்கத் தண்ணீர் நிற்கும். வடிந்த பிறகும் காலில் அப்பிக்கொண்டு ஒவ்வொரு பாதமும் அரைக் கிலோ கனக்கும். வட்டாரப் போட்டி, மாவட்டப் போட்டி எல்லாம் வருகிற பருவம் அதுதான். நெல்லுக்கு உகந்த மண் ஓட்டத்துக்கு உகந்த மண் இல்லை. இதை யாரும் குறையாக நினைத்ததுமில்லை, ஏனென்றால் யாரும் ஓடி எங்கேயும் போகப்போவதில்லை.

பெண் பெரியவளானதும் பாவாடை தாவணி வந்துவிடும். அத்தோடு மைதானம் முடிந்தது. "பொட்டப்புள்ள காலு தெரிய ஓடி எந்த ராஜ்ஜியத்தப் புடிக்கப் போவுது?" என்று கேட்க ஒவ்வொரு தெருவிலும் ஒரு பாட்டி இருந்தார். அதே பாட்டி இளவயதில் விடியற்காலையில் நாற்றங்காலில் இறங்கி, நாற்றுப் பிடுங்கி, பொழுது சாயும்வரை குனிந்த முதுகு நிமிராமல் நடவு நட்டவர். பெண்ணுடம்பு பாடுபடுவதில் அவருக்கு ஆட்சேபம் இருந்ததே இல்லை. அந்தப் பாடு வயலுக்கும் வீட்டுக்கும் பயன்பட வேண்டும், அவ்வளவுதான்.

நம் ஊர்ப் பாட்டிகளை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. 1928இல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்களுக்கு முதன்முறையாக 800 மீட்டர் வைத்தார்கள். ஓடி முடித்தவர்கள் களைத்துக் கிடந்ததைப் பார்த்துப் பெண்ணுடம்பு இதைத் தாங்காது என்று முடிவுகட்டி, அந்த ஓட்டத்தையே எடுத்துவிட்டார்கள். அது மறுபடி வந்தது 1960இல், ரோமில். ஆண்கள் களைத்து விழுந்ததற்காக எந்த ஓட்டமும் நிறுத்தப்பட்டதில்லை. இந்தியாவிலிருந்து பெண்கள் ஒலிம்பிக் தடகளத்தில் கால் வைத்ததே 1952இல்தான். ஹெல்சிங்கியில் நீலிமா கோஷும் மேரி டிசௌசாவும்.

பிறகு உஷா. 1984 லாஸ் ஏஞ்சல்ஸில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் விநாடியில் நூற்றில் ஒரு பங்கில் வெண்கலத்தைத் தவறவிட்டார். 1985இல் ஜகார்த்தா ஆசியப் போட்டியில் ஐந்து தங்கம். நம் வீடுகளில் ஓடுகிற எந்தப் பெண் பிள்ளைக்கும் 'உஷா' என்று பட்டப்பெயர் விழுந்த காலம் அது. அந்த உஷாவே பின்னாளில் சொன்ன ஒரு விஷயத்தை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வதுண்டு. லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக் கிராமத்தில் அவருக்கு ஒத்துக்கொள்கிற சாப்பாடு கிடைக்காமல், கஞ்சியும் ஊறுகாயும் சாப்பிட்டுக்கொண்டு ஓடினாராம். கடைசி சில மீட்டருக்கு உடம்பில் தெம்பு நிற்கவில்லை என்பது அவர் கருத்து. இந்தியா அவரை விமானத்தில் ஏற்றி அனுப்பியது. அவர் என்ன சாப்பிடுவார் என்பதை யோசிக்க ஆள் வைக்கவில்லை. 1984இல் இருந்த அந்தக் காலி நாற்காலி இன்றைக்கும் நம் பக்கத்தில் காலியாகவே இருக்கிறது. நான் சொல்ல வந்தது இதைத்தான்.

மற்றவை மாறியிருக்கின்றன. மாறவில்லை என்று சொன்னால் அது பொய்.

தஞ்சாவூர் அன்னை சத்யா விளையாட்டரங்கத்துக்கோ, திருச்சி அண்ணா விளையாட்டரங்கத்துக்கோ விடிகாலையில் போனால் கண்ணால் பார்க்கலாம். பத்து வயதிலிருந்து பெண் பிள்ளைகள். கால்சட்டை, பனியன், தலைமுடியை இறுக்கிக் கட்டிய ரப்பர் பேண்டு. பாலித்தீன் பையிலிருந்து ஸ்பைக்ஸ் ஷூவை எடுத்து, முள் ஒவ்வொன்றும் இறுகியிருக்கிறதா என்று சாவியால் திருகிப் பார்த்துவிட்டுத்தான் மாட்டிக்கொள்கிறார்கள். இரும்புக் கட்டையில் பாதத்தை வைத்து, விரல் நுனியைக் கோட்டுக்குப் பின்னால் ஊன்றி, இடுப்பை உயர்த்தி அசையாமல் நிற்கிற அந்த அரைக் கணத்தில் பன்னிரண்டு வயதுப் பெண்ணின் முகத்தில் தெரிகிற கூர்மை வேறு எங்கும் பார்க்கக் கிடைக்காது. படிக்கட்டில் அம்மாக்கள். ஒருத்தர் மடியில் டிபன் பாக்ஸ். ஒருத்தர் செல்போனில் மகள் ஓடுவதைப் படம் பிடித்து, மெதுவாக ஓடவிட்டு, "கையி வெளிய போவுது பாரு" என்று காட்டுகிறார். கையை எப்படி வீச வேண்டும் என்று அந்த அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. நாற்பது வருடத்துக்கு முன்னால் அந்த அம்மாவின் அம்மா, மகளை மைதானத்திலிருந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனவராக இருந்திருப்பார்.

இந்த மாற்றத்துக்குப் பஸ்ஸும் ஒரு காரணம். மணிகண்டம் பக்கம் முடிகண்டத்தில் விவசாயக் கூலி வீட்டில் பிறந்த 800 மீட்டர் ஓட்டக்காரர் கோமதி மாரிமுத்துவை, விடியுமுன்னே அப்பா டி.வி.எஸ். 50 வண்டியில் உட்காரவைத்து பஸ் ஏற்றிவிட்டு வருவாராம். அந்த அப்பா ஒருவர் இல்லாவிட்டால் அந்த ஓட்டம் இல்லை. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை. மாணவிக்கு ஏற்கெனவே இலவச பாஸ் உண்டு. கூட வருகிற அம்மாவுக்குத்தான் இது புதிது. துணைக்கு ஆளில்லாமல் பயிற்சியை விட்ட பெண்களின் கதையை எந்தப் பயிற்சியாளரும் சொல்வார். அம்மா செலவில்லாமல் கூட வரலாம் என்பது சின்ன விஷயம் இல்லை. விளையாட்டு விடுதிகள், முதலமைச்சர் கோப்பை, அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு, ரயில்வே, ராணுவம் என்று ஓடினால் போய்ச் சேர ஓர் இடம் இருக்கிறது என்கிற நம்பிக்கையும் வந்திருக்கிறது. 2024 ஜனவரியில் கேலோ இந்தியா இளையோர் போட்டிகளுக்குச் சென்னை, கோவை, மதுரையோடு திருச்சியும் களமானது.

இந்த மாற்றத்தின் விளைச்சலை ஒரே ஓட்டத்தில் பார்த்துவிடலாம். 2021 ஜூலை 30, டோக்கியோ ஒலிம்பிக், 4x400 மீட்டர் கலப்புத் தொடர் ஓட்டம். இந்தியாவுக்கு ஓடிய நால்வர்: கேரளத்து முகமது அனஸ், மதுரை சக்கிமங்கலம் ரேவதி வீரமணி, திருச்சி சுபா வெங்கடேசன், லால்குடிப் பக்கத்து ஆரோக்ய ராஜீவ். நால்வரில் மூவர் தமிழர். அதில் இருவர் திருச்சி மாவட்டம். மாற்று ஓட்டக்காரராகத் தனலட்சுமியும் அங்கே இருந்தார். நேரம் 3 நிமிடம் 19.93 விநாடி. தங்கள் பிரிவில் கடைசி, இறுதிக்குப் போகவில்லை. அதனால் என்ன? 140 கோடிப் பேர் வாழும் நாட்டின் ஒலிம்பிக் தொடர் ஓட்ட அணியில் பாதி ஒரே மாவட்டம். காவிரிப் பக்கத்துப் பள்ளிக்கூட மைதானங்களுக்கு இதைவிடப் பெரிய சான்றிதழ் வேண்டுமா?

இனி, எழுதக் கை கூசுகிற பகுதி.

இந்தப் பக்கத்திலிருந்து ஆசிய மேடைவரை ஓடிப்போன பெண்களில் மூவரை எடுத்துக்கொள்வோம். புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சி சாந்தி சௌந்தரராஜன். முடிகண்டம் கோமதி மாரிமுத்து. குண்டூர் தனலட்சுமி. முதல் இருவரும் 800 மீட்டர், மூன்றாமவர் குறுந்தூரம். மூவரும் கூலி வீட்டுப் பிள்ளைகள். மூவருடைய வாழ்க்கையும் திசை மாறியது பரிசோதனைக் கூடத்திலிருந்து வந்த ஒரு தாளில்.

சாந்தியின் கதையை மற்ற இரண்டோடு கலக்கவே கூடாது. அவர் எந்தத் தவறும் செய்யவில்லை. யாரும் அப்படிக் குற்றம் சாட்டவும் இல்லை. செங்கல் சூளையில் வேலை பார்த்த பெற்றோரின் மகள். 2006 டிசம்பரில் தோஹா ஆசிய விளையாட்டில் 2 நிமிடம் 03.16 விநாடியில் வெள்ளி வாங்கினார். அடுத்த சில நாளில் பாலினப் பரிசோதனையில் தேறவில்லை என்று சொல்லிப் பதக்கத்தைப் பிடுங்கினார்கள். பிறந்தது முதல் பெண்ணாகவே வளர்ந்த ஒருவரிடம், உன் உடம்பு போதுமான அளவு பெண்ணில்லை என்று சொன்னார்கள். அதையும் ஊர் உலகத்துக்கெல்லாம் கேட்கும்படி சொன்னார்கள். தமிழக அரசு அறிவித்த 15 லட்சம் ரூபாயைக் கொடுத்தது; அதை நன்றியோடு சொல்ல வேண்டும். ஆனால் அந்தப் பெண்ணுடைய மனத்தைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. 2007இல் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று பிழைத்தார். புதுக்கோட்டையில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்தார். பிறகு ஒரு காலம், ஆசியப் பதக்கம் வென்றவர் அதே செங்கல் சூளையில் நாள் கூலிக்குக் கல் சுமந்தார். பெங்களூரில் படித்துப் பயிற்சியாளர் பட்டயம் வாங்கி, 2016இல் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் பயிற்சியாளர் வேலைக்கு வந்தார். பத்து வருடம் பிடித்தது. 2015இல் டூட்டி சந்த் சர்வதேச விளையாட்டு நடுவர் மன்றம்வரை போய் இதே போன்ற விதியை நிறுத்திவைத்தபோது, அவர் பின்னால் வழக்கறிஞர்களும் மருத்துவர்களும் நின்றார்கள். சாந்தி பின்னால் 2006இல் யாரும் நிற்கவில்லை. வித்தியாசம் அவ்வளவே.

கோமதி 2019 ஏப்ரலில் அதே தோஹாவில் ஆசியத் தடகளத்தில் 2 நிமிடம் 02.70 விநாடியில் தங்கம் வாங்கினார். தமிழ்நாடே கொண்டாடியது. அவர் ஒரு கால் ஒரு நிறமும் மறுகால் வேறு நிறமுமாக ஷூ போட்டிருந்ததைப் பார்த்து, ஷூ வாங்கக்கூட வழியில்லாத பெண் என்று கண்ணீர் வடித்துப் பகிர்ந்தார்கள். அது ராசிக்காகப் போட்டது என்று அவரே சொல்ல வேண்டிவந்தது. வறுமை நம்மை உருக்கும் அளவுக்கு வேறு எதுவும் உருக்குவதில்லை. மாட்டுக்கு வைத்திருந்ததை அப்பா தின்றுவிட்டுத் தனக்குச் சோறு வைத்தார் என்று கோமதி சொன்னபோது எத்தனை பேர் அழுதோம்! 2016இல் புற்றுநோயில் போய்விட்ட அந்த அப்பா தங்கத்தைப் பார்க்கவில்லை. கட்சிகள் போட்டி போட்டுக்கொண்டு லட்சங்களை அறிவித்தன. ஒரு மாதத்துக்குள் செய்தி வந்தது: நான்ட்ரோலோன் வகை ஊக்கமருந்து. நான்கு ஆண்டுத் தடை. தங்கமும் போயிற்று. தடை செய்யப்பட்ட எதையும் தான் எடுத்ததே இல்லை என்றுதான் கோமதி சொன்னார்.

தனலட்சுமிக்குப் பரிசோதனைத் தாள் வருவதற்கு முன்பே ஓர் அடி விழுந்திருந்தது. 2021 ஆகஸ்டில் டோக்கியோவிலிருந்து திருச்சி விமான நிலையத்தில் வந்து இறங்கினார். மாலையும் மேளமுமாக வரவேற்பு. அங்கே வைத்துத்தான், கூடப் பிறந்த அக்கா ஜூலையிலேயே இறந்துவிட்ட செய்தியைச் சொன்னார்கள். ஓட்டத்தில் கவனம் சிதறும் என்று அம்மா மறைத்துவைத்திருந்தார். அந்தப் பெண் தரையில் மண்டியிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டு அழுததைத் தொலைக்காட்சியில் பார்க்கச் சகிக்கவில்லை. ஒரு மகளைப் புதைத்த துக்கத்தை இன்னொரு மகளின் ஓட்டத்துக்காக ஒரு தாய் விழுங்கிக்கொண்டிருந்தார் என்றால், அந்த வீடு அந்தக் கால்களை எவ்வளவு நம்பியிருந்தது என்று புரியும். அடுத்த ஆண்டு ஜூன் 26, கஜகஸ்தானின் அல்மாட்டியில் 200 மீட்டரில் 22.89 விநாடி. 2002இல் சரஸ்வதி சாஹா ஓடிய 22.82, ஹிமா தாஸின் 22.88, அதற்கடுத்து இது. இந்தியப் பெண்களில் அதுவரை மூன்றாவது வேகம். காமன்வெல்த் போட்டிக்கு பர்மிங்ஹாம் கிளம்ப வேண்டிய நேரத்தில் மெட்டாண்டியனோன் என்ற ஸ்டீராய்டு உடம்பில் இருந்ததாக முடிவு வந்தது. அணியிலிருந்து நீக்கம், மூன்று ஆண்டுத் தடை.

2021இல் அவரிடம் தோற்ற டூட்டி சந்தும் பின்னர் ஊக்கமருந்துக்காக நான்கு ஆண்டு தடை செய்யப்பட்டார். அன்று பாட்டியாலாவில் முதல் இரண்டு இடத்தில் வந்த இருவருமே இப்படி ஆனார்கள். ஆக, இது ஒரு குண்டூர்ப் பெண்ணின் கதை அல்ல. உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் 2023ஆம் ஆண்டுக் கணக்கில், இந்தியாவில் சோதித்த 5,606 மாதிரிகளில் 213இல் தடை செய்யப்பட்ட மருந்து இருந்தது. அதிகமாகச் சோதனை நடத்துகிற நாடுகளில் இதுதான் மிக மோசமான விகிதம். அதே 2023இல் டெல்லி மாநிலத் தடகளப் போட்டிக்குச் சோதனை அதிகாரிகள் வந்திருக்கிறார்கள் என்று தெரிந்ததும் ஆண்கள் 100 மீட்டர் இறுதியில் ஒரே ஓர் ஆள்தான் ஓடினார். மற்றவர்கள் வரவே இல்லை.

ஊக்கமருந்து விதி கடுமையானது, அது சரியும்கூட. மருந்து எப்படி உள்ளே போனது என்பது முதல் கேள்வி இல்லை; உள்ளே இருந்ததா என்பதுதான். இருந்தால் பொறுப்பு ஓடியவருடையது. ஏமாற்றி வாங்கிய பதக்கம் நேர்மையாக ஓடி நான்காவதாக வந்த இன்னொரு ஏழைப் பெண்ணிடமிருந்து பறித்தது. லால்குடி ஆரோக்ய ராஜீவ் இருந்த அணி 2018 ஆசிய விளையாட்டில் வாங்கிய கலப்புத் தொடர் ஓட்ட வெள்ளி, பஹ்ரைன் வீராங்கனை சிக்கியதால்தான் பின்னாளில் தங்கமாயிற்று. அந்த நீதி நமக்கு இனித்தது. நம் பெண்கள் சிக்கும்போது மட்டும் சதி என்று பேசக் கூடாது. கோமதியோ தனலட்சுமியோ குற்றமற்றவர்கள் என்று வாதாட நான் வரவில்லை, தீர்ப்பு வந்தாயிற்று.

நான் கேட்பது வேறு. பதினாறு வயதில் கிராமத்திலிருந்து மைதானத்துக்கு வருகிற பெண்ணுக்கு, அவள் உடம்பைப் பற்றிச் சொல்லித்தர அங்கே யார் இருக்கிறார்கள்? தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்கிறது 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வு. நெல் விளைகிற நாட்டில் மூன்று வேளையும் சோறு, இட்லி, பழையது. பருப்பு கொஞ்சம், முட்டை எப்போதாவது, கறி ஞாயிற்றுக்கிழமை; அதிலும் பெரிய துண்டு அண்ணனுக்கு. அந்த ரத்தத்தோடும் அந்தச் சாப்பாட்டோடும் ஒரு பெண் தினமும் இரண்டு வேளை உடம்பை முறுக்கி ஓடுகிறாள். மூட்டு வலிக்கும், மாதவிலக்கு தள்ளிப் போகும், நேரம் குறையாமல் நிற்கும். அப்போது பக்கத்தில் இருப்பது யார்? கூட ஓடுகிறவள் சொல்கிற மாத்திரை. மருந்துக் கடைக்காரர் எடுத்துக் கொடுக்கிற ஊசி. ஜிம்மில் தெரிந்தவர் தருகிற, பெயர் ஒட்டாத பொடி டப்பா. தெரிந்தே எடுக்கிறவர்களும் உண்டு, ஒளிப்பானேன். வேலைக்கான தகுதி நேரம் அரை விநாடியில் நிற்கிறது. வீட்டில் கடன் நிற்கிறது. தங்கைக்குக் கல்யாணம் நிற்கிறது. ஒரு குடும்பத்தின் விடிவு முழுவதையும் ஒரு பெண்ணின் இரண்டு கால்மீது ஏற்றிவைத்துவிட்டு, அவளுக்கு வழிகாட்ட ஆளும் வைக்காமல் விட்டால், தவறான ஆள் வந்து சேர நேரமாகாது.

இவ்வளவுக்கும் நடுவே நிமிர்ந்து ஓடிக்கொண்டிருப்பவர் சுபா. டோக்கியோ முடிந்ததும் அவரைப் பற்றி அதிகம் பேர் எழுதவில்லை. உருக்கமான கதை எதுவும் கிடைக்காததால் இருக்கலாம். 2023இல் பாங்காக் ஆசியத் தடகளத்தில் கலப்புத் தொடர் ஓட்டத் தங்கம், 3 நிமிடம் 14.70 விநாடி, அப்போதைய தேசிய சாதனை. அதே ஆண்டு ஹாங்சோ ஆசிய விளையாட்டில் இரண்டு வெள்ளி. 2024 மே மாதம் பஹாமாஸில் மகளிர் தொடர் ஓட்ட அணி பாரிஸ் ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றபோது கடைசிச் சுற்றை ஓடி முடித்தவர் இவர். பாரிஸிலும் கடைசிச் சுற்று இவருடையது. அணி தன் பிரிவில் எட்டாவதாக வந்தது. 2025 மே மாதம் தென்கொரியாவின் குமியில் மகளிர் தொடர் ஓட்டத்திலும் கலப்புத் தொடர் ஓட்டத்திலும் ஆசியத் தங்கம். இரண்டு ஒலிம்பிக் கண்ட திருச்சிப் பெண். நான்கு பேர் ஓட்டத்தில் கடைசியாக ஓடுகிறவரிடம் பேட்டன் வரும்போது முன்னால் மூன்று பேர் செய்த நன்மையும் பிழையும் சேர்ந்தே வரும்; அதை வாங்கிக்கொண்டு 400 மீட்டர் ஓட நெஞ்சுரம் வேண்டும். நம் பள்ளிகளில் எத்தனை பிள்ளைகளுக்கு இவர் பெயர் தெரியும் என்று கேட்டுப் பாருங்கள். கோமதியின் ஷூவைப் பற்றித் தெரிந்த அளவுக்குச் சுபாவின் நேரத்தைப் பற்றித் தெரிந்திருக்காது.

ஓடுதளம் போட்டாயிற்று, விடுதி கட்டியாயிற்று. ஜெயித்து வந்தால் லட்சங்களைத் தூக்கிக் கொடுக்கவும் கற்றுக்கொண்டோம். ஜெயிப்பதற்கு முந்தைய எட்டு வருடம்தான் வெறுமையாகக் கிடக்கிறது. சென்னை போரூரில் ராமச்சந்திராவின் விளையாட்டு அறிவியல் மையம் இருக்கிறது. முடிகண்டத்திலிருந்து அது முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். தஞ்சாவூர், திருச்சி, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை, புதுக்கோட்டை ஒவ்வொன்றின் மாவட்ட விளையாட்டரங்கத்துக்கும் வாரத்தில் சில நாளாவது வந்து உட்காருகிற ஒரு பெண் மருத்துவரும் ஓர் உணவு ஆலோசகரும் வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை, பயிற்சிக்கு வருகிற எல்லாப் பிள்ளைகளுக்கும். பயிற்சி முடிந்ததும் இரண்டு முட்டை, ஒரு டம்ளர் பால், ஒரு கிண்ணம் சுண்டல். மனம் விட்டுப் பேச ஒரு ஆள். ஒரு பதக்கத்துக்கு அறிவிக்கிற பரிசுத் தொகையில் ஒரு மாவட்டத்துக்கு இதைச் சில ஆண்டுகளுக்கு நடத்திவிடலாம். மதிய உணவில் முட்டை போட்டுக் காட்டிய மாநிலத்துக்கு இது முடியாத காரியமில்லை.

அரசு செய்யும்வரை பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் வீட்டுப் பெண் ஓடுகிறாள் என்றால், அவள் வாயில் போகிற ஒவ்வொரு மாத்திரையும் டானிக்கும் பொடியும் என்னவென்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். சளிக்கு வாங்குகிற மருந்தில்கூடப் போட்டி நாளில் தடை செய்யப்பட்ட பொருள் இருக்கலாம். பெயர் ஒட்டாத டப்பாவை யார் கொடுத்தாலும், பயிற்சியாளரே கொடுத்தாலும், திருப்பிக் கொடுத்துவிடுங்கள். டாக்டரிடம் போனால், இவள் போட்டியில் ஓடுகிற பெண் என்று முதலிலேயே சொல்லுங்கள். தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகமை 'நோ யுவர் மெடிசின்' என்று ஒரு செல்போன் செயலி வைத்திருக்கிறது. மருந்தின் பெயரைப் போட்டால், அதில் தடை செய்யப்பட்ட பொருள் இருக்கிறதா என்று காட்டிவிடும். அதற்குக் கட்டணம் கிடையாது. மகள் ஓடுவதைப் படம் பிடிக்கிற அதே போனில் இன்றைக்கே அதை ஏற்றிக்கொள்ளுங்கள்.